விருந்தினரும் ஆசிரியரும்: ஜப்பானின் ஜெட் திட்டம் குறித்து ஒரு திறனாய்வு

வெளிநாட்டுப் பட்டதாரி இளைஞர்களை ஆண்டுதோறும் வரவழைத்து, அரசுப் பள்ளிகளில் மொழி ஆசிரியர்களுக்குத் துணையாக அமர்த்தும் ஏற்பாடு ஜப்பானின் ஜெட் திட்டம். 1987இல் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளைச் சேர்ந்த 848 பேருடன் அது தொடங்கியது. 2002இல் ஒரே ஆண்டில் பணியில் இருந்தோர் எண்ணிக்கை 6,273ஐ எட்டியது. இதுவரை எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இத்திட்டத்தின் வழியே ஜப்பானின் நகரங்களிலும் மலையூர்களிலும் தீவுகளிலும் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் உதவி மொழி ஆசிரியர்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் உள்ளாட்சி அலுவலகங்களில் பன்னாட்டு உறவுப் பணி பார்ப்பவர்கள். மிகச் சிலர் விளையாட்டுப் பயிற்சிக்காக வருபவர்கள்.

திட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட நோக்கங்கள் இரண்டு. ஒன்று, அயல்மொழிக் கல்வியை மேம்படுத்துவது. மற்றொன்று, உள்ளூர் மக்களுக்கும் பிற நாட்டவருக்கும் நேரடிப் பழக்கத்தை ஏற்படுத்துவது. முதல் நோக்கத்துக்குப் பாடநூலும் கால அட்டவணையும் உண்டு. இரண்டாவதற்கு எழுதிவைத்த பாடத்திட்டம் எதுவும் இல்லை. ஊர்மக்களின் விருந்தோம்பலே அதன் வழிமுறை. வரவேற்பு விருந்து, திருவிழா அழைப்பு, வீட்டில் தங்கவைத்தல், தேநீர்ச் சடங்கு, மேளப் பயிற்சி, நாற்று நடவு என்று ஆசிரியர் ஊருக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறார். இந்த விருந்தோம்பல் உண்மையானது, பயன் மிக்கது. ஆனால் வரவேற்பாகத் தொடங்குவது வேலை உறவாக மாறாமல் வரவேற்பாகவே நீடிக்கும் இடங்களில், அது ஆசிரியரின் பணியையும் வகுப்பறையையும் பலவீனப்படுத்துகிறது. திட்டத்தின் நிறைகளும் குறைகளும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்பதால் அவற்றைச் சேர்த்தே எடைபோட வேண்டும்.

பின்னணி

அயல்நாட்டு ஆசிரியரை விருந்தினராக நடத்தும் மரபு ஜப்பானில் மெய்ஜி காலத்திலேயே உண்டு. புதிய அரசு தொழில்நுட்பத்தையும் மொழிகளையும் கற்பிக்க வெளிநாட்டவரை நல்ல சம்பளத்தில் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தியது. அவர்களில் இலக்கியப் புகழ் பெற்றவர் லாஃப்காடியோ ஹெர்ன். கிரேக்கத் தீவொன்றில் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்த அவர், 1890 ஆகஸ்டில் மாட்சுயே நகரின் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியராக வந்தார். ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர். ஆளுநர் கொத்தேதா யசுசதாவும் சக ஆசிரியர் நிஷிதா செந்தாரோவும் அவரை அரவணைத்தனர். நிஷிதா நெருங்கிய நண்பரானார். கோயில்கள், சடங்குகள், பேய்க்கதைகள் எல்லாம் அந்த உறவுகளின் வழியேதான் ஹெர்னுக்குத் திறந்தன. சாமுராய் குடும்பத்துப் பெண்ணான கொய்சுமி செத்சுவை மணந்தார். 1896இல் ஜப்பானியக் குடியுரிமையும் கொய்சுமி யாகுமோ என்ற பெயரும் பெற்றார்.

மாட்சுயேயில் ஹெர்ன் இருந்தது பதினைந்து மாதங்கள் மட்டுமே. 1891 இறுதியில் குமமோத்தோவுக்குப் போன பிறகு அந்த அணைப்பும் நெருக்கமும் அவருக்கு வாய்க்கவில்லை. 1896 முதல் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த அவரது பணி 1903இல் முடிவுக்கு வந்தபோது மாணவர்கள் எதிர்த்தும் பயனில்லை. அந்த இடத்துக்கு எழுத்தாளர் நத்சுமே சோசெகி வந்தார். சிறு ஊரில் அரிய விருந்தினராகக் கொண்டாடப்பட்டவர், பெரிய நிறுவனத்தில் ஒப்பந்தக் கணக்கில் ஒரு வரியாக நின்றார். வரவேற்பும் பணியுரிமையும் வெவ்வேறு என்பதை அவரது வாழ்க்கையே காட்டுகிறது.

நவீன ஏற்பாட்டுக்கு உடனடி முன்னோடிகள் இரண்டு: 1977இல் அமெரிக்கர்களுக்காகக் கல்வி அமைச்சகம் தொடங்கிய திட்டமும், 1978இல் பிரிட்டிஷ் ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய திட்டமும். இவை 1987இல் ஜெட் திட்டத்துக்குள் இணைந்தன. அது அமெரிக்காவுடன் வணிகப் பூசல் முற்றியிருந்த காலம். ஜப்பான் பொருள்களை ஏற்றுமதி செய்கிறது, மனிதர்களை உள்ளே விடுவதில்லை என்ற குற்றச்சாட்டு வலுவாக இருந்தது. பிரதமர் நகசோனேயின் அரசு இத்திட்டத்தை ஒரு நல்லெண்ண நடவடிக்கையாகவும் முன்வைத்தது. மூன்று அமைச்சகங்கள் சேர்ந்து அதைப் பொறுப்பேற்றன. உள்நாட்டு அமைச்சகத்துக்கு ஊராட்சிகளை உலகத்துக்குத் திறந்துவிடும் எண்ணம். வெளியுறவு அமைச்சகத்துக்கு ஜப்பானை நேசிக்கும் இளைஞர்களை உருவாக்கும் எண்ணம். கல்வி அமைச்சகத்துக்கு மொழிக்கல்வி. மூன்றில் இரண்டு அமைச்சகங்களின் நோக்கம் மக்கள் பழக்கம்தான் என்பது திட்டத்தின் இயல்பை முதல் நாளிலேயே தீர்மானித்துவிட்டது.

தகுதி நிபந்தனைகளும் அதற்கேற்பவே அமைந்தன. பட்டம் கட்டாயம், ஆசிரியப் பயிற்சி கட்டாயமல்ல. ஜப்பான் மீது ஆர்வம் இருப்பது தேர்வில் எடை பெறும். ஒப்பந்தம் ஓராண்டுக்கு, நீட்டித்தாலும் ஐந்தாண்டுக்கு மேல் இல்லை. வேலை தருவது மாகாணமோ நகராட்சியோ கிராம ஊராட்சியோ ஆகும். பெரும்பாலான ஊராட்சிகளுக்கு அந்தச் செலவை நடுவண் அரசு வரிப் பகிர்வு வழியே ஈடுசெய்கிறது.

வரவேற்பின் ஒழுங்கு

ஜெட் ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஜூலை இறுதியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ வந்து இறங்குகிறார்கள். டோக்கியோவில் சில நாள் அறிமுகப் பயிற்சி முடிந்ததும் அவரவர் ஊருக்கு அனுப்பப்படுகிறார்கள். அங்கே பள்ளிக்குக் கோடை விடுமுறை. ஊரிலோ திருவிழாக் காலம். ஆகஸ்ட் நடுவில் முன்னோர்களை நினைக்கும் ஓபோன் வருகிறது, ஊர்த்திடலில் வட்டமாக நின்று ஆடும் ஆட்டம் நடக்கிறது. ஆகவே புதிய ஆசிரியர் கரும்பலகைக்கு முன் நிற்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே யுகாதா என்ற மெல்லிய கிமோனோ உடுத்தி ஊராருடன் ஆடிவிடுகிறார். விருந்தினர் என்ற அடையாளம் முதலில் வருகிறது. ஆசிரியர் என்ற அடையாளம் பிறகுதான் வருகிறது. நாட்காட்டியால் நேர்ந்த இந்த வரிசை, பின்வரும் ஆண்டுகளிலும் உறவின் அமைப்பைப் பாதிக்கிறது.

வரவேற்பின் பாரம் பெரும்பாலும் ஒருவர் தோளில் விழுகிறது: கல்வி வாரியத்தில் அல்லது பள்ளியில் பொறுப்பாளராக நியமிக்கப்படும் அலுவலரோ ஆங்கில ஆசிரியரோ. வங்கிக் கணக்கு, வசிப்பிடப் பதிவு, வீட்டு வாடகை ஒப்பந்தம், எரிவாயு இணைப்பு, குப்பையை எந்த நாளில் எந்தப் பையில் போட வேண்டும் என்பது வரை அவரே கூட இருந்து முடித்துத் தருகிறார். முன்பிருந்த ஆசிரியரின் வீடும் மிதிவண்டியும் பாத்திரங்களும் பல ஊர்களில் புதியவருக்குக் கைமாறுகின்றன. முன்னவர் எப்படிப்பட்டவர் என்ற ஊரின் நினைவும் கூடவே வருகிறது.

வரவேற்பு விருந்தின் நடைமுறை நாடெங்கும் ஏறத்தாழ ஒன்றே. இசகாயா உணவகத்தின் பாய் விரித்த அறையில் நீண்ட தாழ்மேசைகள். முதல்வர் சிறு உரை நிகழ்த்துவார்; புதியவர் மனப்பாடம் செய்த சில ஜப்பானிய வாக்கியங்களில் தன்னை அறிமுகம் செய்துகொள்வார்; எல்லோரும் கோப்பை உயர்த்துவார்கள். அதன் பிறகு யாரும் தமக்குத் தாமே ஊற்றிக்கொள்வதில்லை. பீர்ப் புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஆசிரியர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, முழங்காலிட்டு அமர்ந்து, புதியவரின் கோப்பையை நிரப்புகிறார்கள். அவர் இரு கைகளாலும் கோப்பையை ஏந்திப் பெற்றுக்கொண்டு, பதிலுக்கு ஊற்ற வேண்டும். பணியறையில் நாள் முழுதும் ஒரு சொல் ஆங்கிலம் பேசாத கணித ஆசிரியர் அங்கே தன் மகளைப் பற்றிப் பேசுவார். செலவை ஆசிரியர்கள் தலைக்கு இவ்வளவு என்று தம் கைப்பணத்திலிருந்து போடுகிறார்கள். வரவேற்கப்படுபவரிடம் பெரும்பாலும் வாங்குவதில்லை.

தொடக்கப் பள்ளியின் மதிய உணவு இதைவிட எளிய காட்சி. வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்த மாணவர்கள் உணவு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வகுப்பறையிலேயே பரிமாறுகிறார்கள். மேசைகளை நாலைந்தாகச் சேர்த்துப்போட்டுக் குழுவாக உட்காருகிறார்கள். உதவி ஆசிரியர் இன்று ஒரு குழுவுடன், நாளை வேறொரு குழுவுடன். சோறு, சூப், மீன் அல்லது இறைச்சி, பால். எல்லோருக்கும் ஒரே உணவு. உங்கள் நாட்டில் பள்ளியில் என்ன சாப்பிடுவார்கள், நாட்டோ என்ற புளித்த சோயா உணவு உங்களுக்குப் பிடிக்குமா என்று கேள்விகள் வருகின்றன. தேர்வுக்கு வராத ஆங்கிலம் புழங்கும் நேரம் அது.

நிறைகள்

முதல் நிறை, பயம் நீங்குவது. தொலைவான ஊர்களில் வெளிநாட்டவரை நேரில் பார்த்திராத குழந்தைகளுக்கு, கடையில் வெங்காயம் வாங்கும், மழையில் நனையும், தவறான ஜப்பானிய மொழியில் பேசிச் சிரிக்கும் ஒரு மனிதர் அறிமுகமாகிறார். மொழியைத் தவறாகப் பேசினாலும் குடிமுழுகிப் போகாது என்பதை மாணவர்கள் அவரிடமிருந்தே கற்கிறார்கள். மொழி கற்பதில் கூச்சமே பெருந்தடையாக உள்ள சூழலில் இது சிறிய பயன் அல்ல.

இரண்டாவது, விருந்தோம்பல் ஆசிரியருக்குத் தரும் அறிவு. அறிமுகமும் அழைப்பும் இல்லாமல் ஜப்பானிய ஊர்வாழ்க்கைக்குள் நுழைவது கடினம். பள்ளி என்ற நிறுவனம் பிணை நிற்பதால், பயணியருக்குத் திறக்காத கதவுகள் ஆசிரியருக்குத் திறக்கின்றன. அமெரிக்க எழுத்தாளர் புரூஸ் ஃபைலர் தொச்சிகி மாகாணத்தின் சானோ நகரில் கற்பித்த அனுபவத்தை 1991இல் நூலாக வெளியிட்டார். அந்த நூலுக்குப் பொருளானது சுற்றுலாத் தலமல்ல, ஒரு சாதாரண ஊரின் பள்ளி. இத்திட்டத்தில் வந்தவர்களில் பலர் பின்னர் மொழிபெயர்ப்பாளர்களாகவும் ஆய்வாளர்களாகவும் தூதரக அலுவலர்களாகவும் ஜப்பானுடன் உறவைத் தொடர்ந்தனர். பல நாடுகளில் செயல்படும் முன்னாள் பங்கேற்பாளர் சங்கம் அந்த உறவின் நிலையான வடிவம்.

மூன்றாவது நிறை குறைவாகவே பேசப்படுகிறது: ஊருக்கும் அந்த ஆசிரியர் தேவைப்படுகிறார். இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்ட ஊர்களில், திருவிழாவில் தெய்வத்தைத் தாங்கிச்செல்லும் மிகோஷிப் பல்லக்குக்குத் தோள் கொடுக்க ஆள் குறைந்துவருகிறது. மேளக்குழு, இளைஞர் மன்றம், வயல்வேலை எல்லாவற்றிலும் அதே நிலை. இருபத்து நான்கு வயது ஆசிரியருக்கு ஹாப்பி மேலாடை கொடுத்துப் பல்லக்கின் கீழ் நிறுத்தும்போது ஊர் அவருக்கு ஓர் அனுபவத்தைப் பரிசளிக்கிறது. கூடவே ஒரு வேலையையும் ஒப்படைக்கிறது. அங்கே விருந்தினர் பயன்படும் ஆளாகிறார். விருந்தோம்பலின் மிக உயர்ந்த வடிவம் இதுவே. கீழே சொல்லப்படும் குறைகளுக்கு மாற்றும் இதில்தான் இருக்கிறது.

நான்காவது, நெருக்கடிக் காலத்தில் தெரிந்த பிணைப்பு. 2011 மார்ச் 11 சுனாமியில் ஜெட் ஆசிரியர்களாக இருந்த அமெரிக்கர் இருவர் உயிரிழந்தனர். ஒருவர் இஷினோமாக்கியில், மற்றவர் ரிக்குசென்தகாத்தாவில். இஷினோமாக்கியில் இருந்த ஆசிரியை, நிலநடுக்கத்துக்குப் பின் குழந்தைகள் பெற்றோருடன் பத்திரமாகப் போகும்வரை பள்ளியில் உடனிருந்தார்; வீட்டுக்குத் திரும்பும் வழியில் அலை அவரைக் கொண்டுபோனது. அவர் பெற்றோர் தொடங்கிய நினைவு நிதி இஷினோமாக்கிப் பள்ளிகளுக்கு ஆங்கில நூல்களையும் உள்ளூர்த் தச்சர் செய்த புத்தக அலமாரிகளையும் வழங்கியது. பேரிடர்ப் பகுதிகளுக்கு உதவி திரட்டியவர்களில் முன்னாள் ஜெட் ஆசிரியர்கள் பலர். அரசுகளுக்கிடையிலான ஒப்பந்தங்களால் உருவாக்க முடியாத உறவு இது.

குறைகள்

முதன்மையான குறை வகுப்பறையில் தெரிகிறது. விருந்தினரிடம் யாரும் வேலை வாங்குவதில்லை. அவர் செய்வதைத் திருத்துவதும் இல்லை. அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் மக்கனல் 2000இல் வெளியிட்ட ஜெட் திட்டம் பற்றிய நூல், மேலிருந்து திணிக்கப்பட்ட பன்மையை ஜப்பானியப் பள்ளிகள் எப்படிச் சமாளித்தன என்பதை விரிவாகப் பதிவுசெய்கிறது. வந்தவரை மரியாதையோடு தனி இடத்தில் வைத்துக் காப்பது அப்படிச் சமாளிக்கும் வழிகளில் ஒன்று. பணியறைக் கூட்டத்துக்கு அவர் வரவேண்டியதில்லை. மதிப்பெண் போட வேண்டியதில்லை. பெற்றோரைச் சந்திக்க வேண்டியதில்லை. இவை யாவும் அவருக்குச் சலுகையாகத் தரப்படுகின்றன. ஆனால் ஆசிரியப் பணி என்பது பெருமளவு இவற்றால் ஆனதுதான். சலுகைகள் சேரச் சேர, அவர் ஆசிரியக் கூட்டத்திலிருந்து வெளியே நிற்கிறார். வகுப்பிலோ, பாடநூல் வரியைப் படித்துக்காட்டும் ஒலிப்பதிவுக் கருவியாகத் தாம் பயன்படுத்தப்படுவதாக உதவி ஆசிரியர்கள் தொடக்கம் முதல் முறையிட்டுவருகிறார்கள்.

தேர்வு முறை இந்த ஒதுக்கத்தை உறுதிப்படுத்தியது. 1989ஆம் ஆண்டுக் கலைத்திட்டம் உயர்நிலைப் பள்ளிகளில் பேச்சுத்தொடர்புப் பாடங்களைச் சேர்த்தது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுகளோ இலக்கணத்தையும் வாசிப்பையுமே நம்பியிருந்தன. நாடு தழுவிய பொது நுழைவுத் தேர்வில் கேட்டறியும் பகுதி 2006இல்தான் இடம்பெற்றது. தேர்வுக்கு உதவாத பாடத்தின் துணை ஆசிரியர், மாணவர்களுக்கு இளைப்பாறுதலாக மட்டுமே தெரிந்தார். பல பள்ளிகளைச் சுற்றிவரும் ஆசிரியரின் நிலை இன்னும் சிக்கலானது. ஒரு வகுப்பை ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பவர் ஒவ்வொரு முறையும் தன் நாட்டுப் படங்களைக் காட்டுவதையும் விளையாட்டு நடத்துவதையும் தாண்டி என்ன செய்துவிட முடியும்?

2020இல் இச்சிக்கல் புதிய வடிவம் எடுத்தது. தொடக்கப் பள்ளியின் 5, 6ஆம் வகுப்புகளில் ஆங்கிலம் மதிப்பெண் பெறும் பாடமாயிற்று. 3, 4ஆம் வகுப்புகளில் மொழிச் செயல்பாடுகள் வந்தன. எல்லாப் பாடங்களையும் நடத்தும் வகுப்பாசிரியர்களில் பலர் ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். ஆகவே நடைமுறையில் உதவி ஆசிரியரே பாடத்தைத் தாங்க வேண்டிய வகுப்புகள் பெருகின. சட்டப்படி பொறுப்பு உரிமம் பெற்ற வகுப்பாசிரியருடையது. உண்மையில் நடத்துபவரோ பயிற்சியும் அதிகாரமும் இல்லாத விருந்தினர். தேவை மாறிய பிறகும் தகுதி மாறவில்லை என்பதே இன்றைய நிலையின் மையக் கோளாறு.

இரண்டாவது குறை, விருந்தோம்பலின் விலையை யார் தருகிறார்கள் என்பது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2018இல் நடத்திய ஆசிரியர் ஆய்வில், ஜப்பானின் கீழ்நிலை இடைநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைப்பதாகத் தெரிந்தது. ஆய்வில் பங்கேற்ற நாடுகளின் சராசரி 38.3 மணி. அந்த ஆய்வில் மிக அதிக நேரம் உழைப்பவர்கள் ஜப்பானிய ஆசிரியர்கள்தான். அத்தகைய ஒருவர்தான் தன் மாலை நேரத்தில் புதியவரை மருத்துவரிடம் அழைத்துச்செல்கிறார், ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றிக்காட்டுகிறார், தன் மனைவியையோ தாயையோ சமைக்கச் சொல்லி வீட்டுக்கு அழைக்கிறார். அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அன்பினால் செய்பவர் உண்டு. பணிக்கட்டாயத்தால் செய்பவரும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே புன்னகையாகத் தெரிவதால், வந்தவர் எவ்வளவு ஏற்கலாம், எப்போது நிறுத்தலாம் என்பதை அறிவது கடினம்.

மூன்றாவது, அனுபவம் சுழன்றுகொண்டே இருப்பது. ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது தமிழ்ப் பழமொழி. ஜெட் ஆசிரியரின் விருந்து ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை நீள்கிறது. அவர் போனதும் அடுத்தவர் வருகிறார், எல்லாம் மறுபடி தொடக்கத்திலிருந்து. விருந்தளிக்கும் ஊர் பழகிப்போனது; விருந்தினர் எப்போதும் புதியவர். இதனால் எல்லோருக்கும் காட்டப்படும் பண்பாடு ஒரே பட்டியலாகச் சுருங்குகிறது: கிமோனோ, தேநீர், மேளம், எழுத்துக்கலை, சூடான நீரூற்றுக் குளியல். ஊரின் ஆலை மூடல், பள்ளி இணைப்பு, முதியோர் தனிமை போன்றவை அந்தப் பட்டியலில் வருவதில்லை. திரும்பிப் போகிறவர் தம்மை உபசரித்த ஊரை அறிந்திருப்பார். அந்த ஊர் தனக்குள் எதைப் பற்றிக் கவலைப்படுகிறது என்பதை அறியாமலே போய்விடக்கூடும்.

நான்காவது, வரவேற்பு தனியுரிமையை விலையாகக் கேட்பது. சிற்றூரில் வெளிநாட்டு ஆசிரியரின் கடைக்கூடையில் என்ன இருந்தது, அவர் வீட்டுக்கு யார் வந்தார் என்பது மறுநாள் மாணவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. காதலர் உண்டா, எப்போது திருமணம் என்ற கேள்விகளையும், மது அருந்தும் வற்புறுத்தலையும் விருந்தினர் என்ற முறையில் மறுப்பது எளிதல்ல. பெண் ஆசிரியர்களுக்கு இந்தச் சங்கடம் கூடுதல். உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கும் அப்படியே. மீனிலிருந்து எடுக்கும் தாஷிச் சாறு ஜப்பானிய சமையலின் அடித்தளம். காய்கறிக் குழம்பென்று தோன்றுவதிலும் அது இருக்கும். சைவ உணவினரும் இஸ்லாமிய உணவு முறையைக் கடைப்பிடிப்பவரும் பள்ளி உணவை மறுக்க நேர்கிறது. எல்லோரும் ஒன்றாக உண்பதே பள்ளியின் ஒழுக்கப் பயிற்சி என்று கருதப்படும் இடத்தில், அந்த மறுப்பு விருந்தை மறுப்பதாகத் தோன்றிவிடக்கூடாதே என்ற கவலை அவர்களுக்கு எப்போதும் உண்டு.

ஐந்தாவது, வரவேற்பு எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. தொடக்கத்தில் ஆங்கிலம் பேசும் பணக்கார நாடுகளிலிருந்தே ஆட்கள் வந்தனர். பின்னர் ஜமைக்கா, டிரினிடாட், தென்னாப்பிரிக்கா, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளும் சேர்ந்தன. ஆனால் ஆங்கில ஆசிரியர் என்றால் வெள்ளையர் என்ற எதிர்பார்ப்பு பல ஊர்களில் எளிதில் மறையவில்லை. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கருக்கு வேறொரு சிக்கல்: முகத்தைப் பார்த்து விருந்தினர் சலுகை மறுக்கப்படுகிறது, நடத்தையில் ஜப்பானியராக இல்லாததற்காகக் குறையும் சொல்லப்படுகிறது.

இரண்டு ஒப்பீடுகள்

உதவி ஆசிரியர்கள் அனைவரும் ஜெட் வழியே வருபவர்கள் அல்லர். பல நகராட்சிகள் தனியார் நிறுவனங்களின் மூலம் ஆள் எடுக்கின்றன. அவற்றில் ஒப்பந்தச் சேவை முறையில் அமர்த்தப்பட்டவர்களுக்கு, வகுப்பில் இருக்கும் பள்ளி ஆசிரியர் நேரடியாக அறிவுறுத்தல் தரக்கூடாது. தந்தால் போலி ஒப்பந்தம் என்ற சட்டச் சிக்கல் எழும். ஒரே அறையில் நிற்கும் இருவர் பாடத்தைப் பற்றிக் கலந்துபேசவும் தயங்கும் நிலை அது. கோடை ஊதியமும் பொறுப்பாளரின் துணையும் அங்கே உறுதியில்லை. இந்த ஒப்பீட்டில் ஜெட் திட்டத்தின் அன்பான ஏற்பாடு மிக உயர்ந்து நிற்கிறது. செலவைக் குறைக்க விருந்தோம்பலை நீக்குவது தீர்வல்ல என்பதற்கு இது சான்று.

எதிர்த்திசை எடுத்துக்காட்டு ஹாங்காங். அங்கே 1998இல் தொடங்கிய ஆங்கிலத் தாய்மொழி ஆசிரியர் திட்டம், கற்பிக்கும் தகுதி பெற்றவர்களைத் தேடிப் பள்ளியின் முழுநேர ஆசிரியர்களாக அமர்த்தியது. அவர்களுக்கு வகுப்பும் பொறுப்பும் உண்டு. பாடத்திட்ட வேலையில் பங்கும் உண்டு. உள்ளூர் ஆசிரியர்களுடன் ஊதியம், அதிகாரம் பற்றிய மனக்கசப்புகளும் எழுந்தன. ஆனால் அவை சக பணியாளர்களுக்கிடையே எழும் மனக்கசப்புகள். ஜப்பானில் அந்தச் சச்சரவு இல்லாததற்குக் காரணம் இணக்கம் மட்டும் அல்ல; போட்டியிடும் இடத்துக்கே வந்தவர் வரவில்லை என்பதும்தான்.

அளவிடும் சிக்கல்

2010 மே மாதம் ஜப்பானின் அப்போதைய ஜனநாயகக் கட்சி அரசு, வீண்செலவைக் கண்டறியும் பொது ஆய்வில் ஜெட் திட்டத்தையும் எடுத்துக்கொண்டது. ஆங்கிலத் திறனில் கண்ட பயன் என்ன என்ற கேள்விக்குத் தெளிவான விடை தர முடியவில்லை. முன்னாள் பங்கேற்பாளர்கள் பல நாடுகளிலிருந்து திட்டத்துக்கு ஆதரவாக எழுந்தனர். அவர்களின் வாதம் மொழித்திறனைப் பற்றியதாக இல்லை, உறவைப் பற்றியதாக இருந்தது. அந்த ஆண்டு பங்கேற்பாளர் எண்ணிக்கை சுமார் 4,300ஆகக் குறைந்திருந்தது. பின்னர் மீண்டும் உயர்ந்து 2019இல் 5,700ஐத் தாண்டியது.

இரு தரப்பும் வெவ்வேறு திட்டங்களைப் பற்றிப் பேசின என்பதே அந்த விவாதத்தின் பாடம். மொழிக்கல்வித் திட்டமாகப் பார்த்தால், பயிற்சியற்றவர்களைக் குறுகிய காலத்துக்கு அமர்த்துவது விலை மிகுந்த வழி. மக்கள் உறவுத் திட்டமாகப் பார்த்தால், சில ஆயிரம் பேரை ஒவ்வொரு மூலைக்கும் அனுப்பி, ஊரோடு உண்ணவும் உழைக்கவும் வைப்பதற்கு இணையான வழி வேறொன்று அரிது. செலவில் பெரும்பகுதியை நடுவண் அரசு ஏற்பதால், எந்த ஊராட்சியும் தன் அளவில் இக்கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டிய நெருக்கடியும் இருக்கவில்லை.

மதிப்பீடு

விருந்தோம்பல் ஜெட் திட்டத்தின் அலங்காரம் அல்ல, அதன் அடிப்படை. அதைக் குறைத்தால் திட்டம் வெறும் ஆள்சேர்ப்பு ஆகிவிடும். ஆனால் விருந்தோம்பல் தன்னளவில் முடிவாக நின்றுவிடக்கூடாது. வந்தவரை ஊரின் பொறுப்புகளுக்குள் கொண்டுசேர்க்கும் வாயிலாக அது இருக்க வேண்டும். அந்த மாற்றம் தானாக நிகழும் இடங்கள் உண்டு. மதியத்துக்குப் பிறகு மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து பள்ளியைத் துடைக்கும் நேரத்தில் தானும் துணியை எடுத்துக் குனியும் உதவி ஆசிரியர், பணியறையில் வேறு விதமாகப் பார்க்கப்படுகிறார். ஊர் மண்டபத்தில் தன் நாட்டுச் சமையலைத் தானே செய்து அண்டை வீட்டாருக்குப் பரிமாறுபவர், பெற்றுக்கொள்பவர் என்ற நிலையிலிருந்து தருபவர் என்ற நிலைக்கு நகர்கிறார். மிகோஷியின் கீழ் தோள் கொடுப்பவரும் அப்படியே.

தற்செயலாக நிகழும் இதை முறையாக்குவது கடினமல்ல. முதல் ஆண்டைப் பழகும் காலமாகவும், இரண்டாம் ஆண்டு முதல் பாடத் தயாரிப்பிலும் மதிப்பீட்டிலும் பங்குள்ள காலமாகவும் ஒப்பந்தத்திலேயே பிரிக்கலாம். ஒப்பந்தத்தை நீட்டிப்பவர்களுக்குக் கற்பித்தல் பயிற்சியையும் ஜப்பானிய மொழிப் பயிற்சியையும் கட்டாயமாக்கலாம். ஒருவர் சுற்றிவரும் பள்ளிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கலாம். பொறுப்பாளர் செலவிடும் நேரத்தைப் பணிநேரமாகக் கணக்கிட்டு, அதற்கு ஈடாக வேறு வேலையைக் குறைக்கலாம். உணவு, மது, தனிவாழ்க்கை ஆகியவற்றில் மறுப்பது அவமரியாதை அல்ல என்பதைப் பள்ளிக்கும் வருபவருக்கும் தொடக்கப் பயிற்சியிலேயே தெளிவாகச் சொல்லலாம்.

தொலைவான சிற்றூர்களுக்கு இத்திட்டம் இன்றைய வடிவிலும் பெரும்பயன் தருகிறது. வெளியுலகத்தின் முகமும் இளைஞரின் உழைப்பும் அங்கே ஒருசேரத் தேவைப்படுகின்றன. வெளிநாட்டவர் ஏராளமாக வாழும் பெருநகரங்களில் விருந்தினர் என்ற நிலைக்கே பொருள் குறைவு. அங்கே தேவைப்படுபவர் தகுதி பெற்ற மொழியாசிரியர். தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்ட நிலையில், அந்த வகுப்புகளைப் பயிற்சியற்றவரின் நல்லெண்ணத்தில் விட்டுவைப்பது மாணவர்களுக்கு நியாயமல்ல. இந்த மூன்று சூழல்களுக்கும் ஒரே வகை ஆளை ஒரே ஒப்பந்தத்தில் அனுப்புவதை நிறுத்தி, ஊருக்கு விருந்தினரையும் வகுப்புக்கு ஆசிரியரையும் தனித்தனியே தேர்ந்து அனுப்பினால், திட்டத்தின் இரண்டு நோக்கங்களும் ஒன்றையொன்று தடுக்காமல் நிறைவேற வழி பிறக்கும்.